ஏழாவது கோழி

காலை எட்டு மணிக்குள் தமயந்தி மூன்று முறை கோழி அடைத்துவிட்டாள். பால் நிலையத்தில் ஒரு முறை, தெருக்குழாயில் தண்ணீர் திறக்க ஒரு முறை, நகரப் பேருந்தில் ஏற ஒரு முறை. நான்காவது முறை குழந்தைகள் காப்பகத்தின் வாசலில். இடுப்பில் நான்கு வயது நறுமுகை, தோளில் பை, பற்களுக்கிடையே நறுமுகையின் தொப்பி. வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் ஓய்வாக இருந்தது. அது போதும்.

வாசல்பலகை என்பது உள்ளங்கை அகலக் கண்ணாடி. தொட்டால் ஒரு தோட்டம் தெரியும். ஆறு பெட்டைகள், ஒரு சேவல், மூலையில் ஒரு கூண்டு. விரலால் விரட்டி ஏழையும் கூண்டுக்குள் அடைத்தால் பச்சை விளக்கு எரியும். 'நீங்கள் மனிதர். வணக்கம்' என்று எழுத்து வரும். கதவு திறக்கும். தமயந்திக்கு அன்று 9.12 விநாடி ஆனது.

பின்னால் பேரனோடு நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, உங்க கோழி மட்டும் சொன்ன பேச்சு கேக்குது. எனக்கு அரை நிமிஷம் ஆகுதே."

"உங்க கோழிக்கு உங்க மேல பாசமுங்க. பிரிய மனசில்ல" என்றாள் தமயந்தி.

உள்ளே பொறுப்பாளர் ரெபேக்கா சிரித்தபடி குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

முகத்தையும் குரலையும் ரேகையையும் யார் வேண்டுமானாலும் போலி செய்யலாம் என்றாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆளே இல்லாமல் ஆள் கணக்கில் லட்சக்கணக்கான 'பொய்யாட்கள்' ரேஷன் வாங்கினார்கள், வீடு வாங்கினார்கள், ஓட்டுப் போட்டார்கள். கடைசியில் அரசுக்குக் கைகொடுத்தது, மூடிப்போன ஒரு நிறுவனத்தின் பழைய வீடியோ கேம். அந்தப் பண்ணை விளையாட்டுக்குள் மினிகேம் என்ற குறுவிளையாட்டுகள் பல இருந்தன. அவற்றில் கோழி அடைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். கோழிகள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி ஓடும். மனித விரல் அதில் தடுமாறுகிற விதமே தனி. அதுவே மனிதச்சான்று ஆனது.

சான்றுக்கு இரண்டு எல்லைகள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் மறுபடி ஆடச் சொல்லும். 8.40 விநாடிக்குக் கீழே போகக்கூடாது. அது உலகத்திலேயே வேகமான மனிதனின் நேரம், அதற்கும் கீழே இயந்திரம்தான் ஆடும் என்பார்கள். இந்த இரண்டாவது எல்லையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. விமானத்தில் போகிறவன் நிலவில் இடித்துக்கொள்வோமோ என்று பயப்படுவதில்லை அல்லவா?

தமயந்திக்குத்தான் அது கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் முட்டைக் கிடங்கில் தர மேற்பார்வையாளர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கண்ணயர்வார்கள்; அவள் கைப்பேசியில் கோழி அடைப்பாள். கைப்பேசியில் பழகலாம், ஆனால் நேரம் காட்டக் கூடாது என்று சட்டம். எத்தனை விநாடி என்று தெரிய வேண்டுமானால் உண்மையான வாசலில்தான் ஆட வேண்டும். நாளுக்குப் பத்து வாசல். பத்து எண்கள். அவளுடைய ஆகச் சிறந்தது 8.61. இரண்டு வருடமாக அது நகரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், ஊறுகாய் பட்ட விரல் வழுக்கிச் சேவலின் மேல் பட்டது. சேவலை யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் திரும்பிக் கொத்தும். விரல் இரண்டு விநாடி மரத்துப்போகும். ஆட்டம் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் அன்று சேவல் வேலியை ஒட்டி நின்றது. திரும்ப இடமில்லாமல் வேலியோரமாகவே ஓடி நேரே கூண்டுக்குள் நுழைந்தது. அதன் பின்னால் ஆறு பெட்டைகளும் ஒன்றன் பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

தமயந்தி சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஏழு கோழியை ஏழு முறை விரட்ட வேண்டாம். ஒன்றை வேலிக்குத் தள்ளினால் போதும்.

மறுபடி முயன்றாள். சேவல் கொத்தியது. சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் நாற்பது முறை ஆடி, எந்தக் கோணத்தில் தள்ள வேண்டும் என்று பிடித்துவிட்டாள். எத்தனை விநாடி என்று மட்டும் தெரியவில்லை. மாலை வரை அந்தக் கேள்வி பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தது. வழியில் எல்லா வாசலிலும் கூட்டம்; பின்னால் ஆள் நிற்கும்போது சேவல் கொத்தினால் மானம் போகும். காப்பக வாசலில் யாரும் இல்லை.

தொட்டாள். சேவலை வேலிக்குத் தள்ளினாள். பெட்டைகள் வரிசையாகப் போயின. 6.08.

அந்த எண்ணைப் பார்த்ததும் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி. இவ்வளவு சந்தோஷப்பட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தாள். அதை நினைத்து முடிப்பதற்குள் பலகை சிவந்தது.

'நீங்கள் மனிதர் அல்லர். விலகி நில்லுங்கள்.'

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ரெபேக்கா ஓடி வந்தாள். "என்ன தமயந்தி, செவப்பு எரியுது?"

"வேகமா ஆடிப்போட்டேனுங்க அக்கா. கதவத் தொறங்க."

"நான் எங்க தொறக்கறது? எனக்கும் அதே கோழிதான். செவப்பு எரிஞ்சா உன் பேருல இருக்கற குழந்தைய வெளிய விடக்கூடாது. கதவே பூட்டிக்கும்."

"என்னைய உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எனக்குத் தெரியுது. கதவுக்குத் தெரியலையே."

ஒரே நொடியில் உலகத்தின் எல்லா வாசலும் தமயந்திக்கு மூடிவிட்டன. வீட்டுக்கு நடந்துதான் போனாள். தெருக்குழாய் திறக்காது என்பதால் பக்கத்து வீட்டுக்காரி சன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தாள். கணவன் மணிமாறன் நடுக்கடல் காற்றாலையில் இருந்தான். அவன் கரைக்கு வர இன்னும் இருபது நாள். அவனோடு பேசும் இணைப்புக்கும் கோழி அடைக்க வேண்டும்.

மறுநாள் காலை காப்பகத்துக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நறுமுகை உள்ளிருந்து அதே இடத்தில் முகத்தை வைத்தது.

"அம்மா, நீ மிஷினா? வருண் சொன்னான்."

"இல்ல தங்கம்."

"அப்பறம் ஏன் கதவு தொறக்கல? நீ கோழி அடைக்கலியா?"

"அடைச்சேன் கண்ணு. சீக்கிரமா அடைச்சுப்போட்டேன்."

"சீக்கிரம் அடைச்சா நல்லதுதான?"

ரெபேக்கா தன் பங்குக்கு ஒரு செய்தி வைத்திருந்தாள். சேலத்தில் சாட்சிக்கூடம் என்று ஒன்று இருக்கிறதாம். மனிதரில்லை என்று தள்ளப்பட்டவர்கள் அங்கே நேரில் ஆடிக் காட்டலாமாம். "ஆனா சீக்கிரம் போ. மூணு நாளைக்கு மேல ஆனா குழந்தைய மாவட்டக் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்றாங்க. அங்க இருந்து வாங்கறது பெரிய பாடு."

பேருந்தில் ஏற முடியாது. கிடங்கின் முட்டை வண்டி சேலம் போகிறது என்று தெரிந்து, மறுநாள் விடிந்ததும் ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"ஆளுன்னு காட்டினா சுங்க வாசல்ல உங்களை எறக்கி விட்டுருவாங்க" என்றார் ஓட்டுநர். "அதனால சரக்குல எழுதிட்டேன். முட்டை எண்ணூறு தட்டு, மிஷின் ஒண்ணு. கோவிச்சுக்காதீங்க."

"உடையற சாமான்னு எழுதினீங்களா?"

"அது முட்டைக்கு மட்டுந்தானுங்க."

சாட்சிக்கூடம் ஒரு பழைய துணிக்கடையின் மாடியில் இருந்தது. கதவில் வாசல்பலகை இல்லை. வெறும் கைப்பிடி. தமயந்தி அதை எந்தப் பக்கம் திருகுவது என்று ஒரு கணம் யோசித்தாள்.

உள்ளே இரண்டு சாட்சிகள். அறுபது வயது சென்னியப்பன், அவருக்குப் பாதி வயதில் நஸீமா. தமயந்தியின் கையைக் கதிர்ப்படம் எடுத்தார்கள், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள்.

"கை உங்களதுதான். இனி ஆட்டம் உங்களதான்னு பாக்கணும்" என்றார் சென்னியப்பன். "இங்க சொல்லாட்டம் ஆடணும் அம்மணி. வாயால சொல்லிக்கிட்டே கையால செய்யணும். எதுக்காகச் செய்யறீங்கன்னும் சொல்லணும்."

"மிஷினும் பேசுமுங்களே?"

"பேசும். ஆனா கேக்கறது நாங்க."

பலகை ஒன்றை மேசையில் வைத்தார்கள். முதல் முறை தமயந்தி 'சேவல்' என்று சொல்லும்போதே அது கொத்திவிட்டது. இரண்டாவது முறையும். மூன்றாவது முறை அவள் அவர்களை மறந்தாள். "சேவல் மேல பாக்குது... இப்பத் தொடக்கூடாது... கொஞ்சம் வேலிப் பக்கம் வரட்டும்... வந்துருச்சு, தோள்ல ஒரு தட்டு, திரும்ப எடமில்ல, போ போ போ, அவளுகளும் போறாளுக..."

5.87.

அவள் நிமிர்ந்தபோது நஸீமாவின் விரல் மேசைமேல், இல்லாத சேவல் ஒன்றைத் தள்ளியபடி நின்றிருந்தது. சென்னியப்பனின் விரலும் அப்படியே. இருவரும் தங்களை அறியாமல் கூடவே ஆடியிருக்கிறார்கள்.

"சேவலா?" என்றாள் நஸீமா. "பதினோரு வருஷமா நான் பெட்டையத் தொரத்திட்டு இருக்கேன். சேவலா?"

"ஊறுகாய் வழுக்கிடுச்சுங்க" என்றாள் தமயந்தி.

சென்னியப்பன் சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை அந்த அறையில் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார்.

"நீங்க மனுசிதான். எங்களுக்குச் சந்தேகமில்ல. இப்ப ரெண்டு வழி இருக்குது. மொதல் தாள், சாதனை உரிமை. இதுல கையெழுத்துப் போட்டா உங்க நேரம் எல்லைக் குழுவுக்குப் போவும். அவுங்க ஒத்துக்கிட்டா மனித எல்லை 5.87. உலகம் பூரா எல்லா வாசல்லயும் எல்லை உங்க பேருல எறங்கும். குழு கூடி முடிவு பண்ண நாப்பது நாளாவும். அதுவரைக்கும் செவப்புதான்."

"நாப்பது நாளா? என்ற கொழந்தை உள்ள இருக்குதுங்க."

"தெரியும். ரெண்டாவது தாளப் படிங்க."

தமயந்தி படித்தாள். அச்சடித்த படிவம். 'என் விரல் ஈரமாக இருந்ததால் வாசல்பலகை நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டது. இந்த நேரத்தை நான் உரிமை கோரவில்லை.' கீழே தேதிக்கும் கையெழுத்துக்கும் இடம்.

"இதுல போட்டா?"

"பத்து நிமிஷத்துல பச்சை."

"என்ற விரல் ஈரமா இல்லீங்களே."

"இந்தப் படி ஏறி வந்த யாரோட விரலும் ஈரமா இல்ல" என்றாள் நஸீமா. "நான் 7.33. இவரு 7.90. இந்தத் தமிழ்நாட்டுல மட்டும் இருநூறு பேருக்கு மேல 8.40-க்குக் கீழ ஆடியிருக்காங்க. எல்லாருக்கும் ஈர விரல். நான் கையெழுத்துப் போட்டப்ப என்ற தங்கச்சி பிரசவத்துக்கு உள்ள கெடந்தா. ஆஸ்பத்திரிக் கதவு என்னைய விடல."

"எனக்கு அப்பா" என்றார் சென்னியப்பன்.

தமயந்தி சுவரில் மாட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். 8.40. "அப்ப அது யாருங்க?"

"கோழிக்கோட்டுல ஒருத்தர். பத்தொம்போது வருஷம் ஆச்சு. அப்பா, அம்மா, பொண்டாட்டி, புள்ள, யாருமில்ல. பூனை கூட இல்ல. நாப்பது நாள் தெருவுல கெடந்து சாதனை வாங்கினாரு." சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனுசன் கையால எவ்வளவு வேகமா முடியும்னு எழுதி வெச்சிருக்கறதா ஊரு நெனைக்குது. அது அப்படி இல்ல அம்மணி. எங்கேயும் யாரும் காத்திருக்காத ஒரு ஆளோட வேகம் அது. மத்தவங்க எல்லாம் அதுக்குக் கீழ போவாங்க. போயிட்டு, கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பி வருவாங்க."

"இத ஏன் யாரும் மாத்தலீங்க?"

"மாத்தினா பொய்யாட்கள் இன்னும் ரொம்பப் பேரு உள்ள வருவாங்கன்னு குழுவுக்குப் பயம். மிஷினுக்கு மெதுவா ஆடத் தெரியாதுன்னு இல்ல. ஒரே மிஷின் லட்சம் பொய்யாளுக்கு லட்சம் வாசல்ல ஆடணும். ஒவ்வொரு வாசல்லயும் எட்டு விநாடி நிக்க வெச்சா அதுக்குக் கட்டுபடி ஆகல. ஆறு விநாடின்னா கட்டுபடி ஆயிரும். அவுங்க பயமும் பொய்யில்ல."

நஸீமா முதல் தாளைத் தமயந்தியின் பக்கம் மெல்ல நகர்த்தினாள். "நான் சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்றேன். நீங்க பண்ணினது வெறும் வேகமில்லீங்க, அது புது வழி. பத்தொம்போது வருஷத்துல யாருக்கும் தோணல. உங்க குழந்தைய நாப்பது நாள் நல்லாத்தான் பாத்துக்குவாங்க. திரும்பி வாங்கிக்கலாம். இந்த எண்ணைத் திரும்ப வாங்க முடியாது. நான் அன்னைக்குப் போட்ட கையெழுத்த இன்னும் தெனம் நெனைக்கறேன்."

"தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள் தமயந்தி.

"நல்லாருக்கா. பையன் அஞ்சாவது படிக்கறான்."

"அவனப் பாக்கறப்பவும் அந்தக் கையெழுத்த நெனைப்பீங்களா?"

நஸீமா முதல் தாளிலிருந்து கையை எடுத்தாள். "அப்பத்தான் அதிகமா நெனைப்பேன். அவன் மேல ஒரு நொடி கோவம் வரும். அப்பறம் என் மேலயே வரும்."

நேர்மையான பதில் அது. அதனாலேயே தமயந்தி அதிக நேரம் யோசித்தாள். கண்ணாடியின் மேல் அழுந்திய சின்ன மூக்கு நினைவுக்கு வந்தது. 'சீக்கிரம் அடைச்சா நல்லதுதான?' நல்லதுதான். அதைத் தன் வாயால் பொய்யென்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தக் குழந்தையைத் தூக்க முடியும். அதில் குழந்தையின் குற்றம் எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை யாரும் இல்லாத வாசலில் ஆசைப்பட்டது அவள்தான். ஆசைப்பட்டதும் குற்றமில்லை. யார் மேலும் குற்றம் இல்லாத இடத்தில் ஒரு கையெழுத்து மட்டும் தேவைப்பட்டது.

இரண்டாவது தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இந்த 5.87-ஐ எங்காவது எழுதி வெப்பீங்களா?"

"எழுதக்கூடாது" என்றார் சென்னியப்பன். "எங்களுக்கு மறக்காது."

அவள் எழுந்தபோது நஸீமா கேட்டாள்: "அந்தச் சேவல... தோள்லதான தட்டணும்?"

"கழுத்துக்குக் கொஞ்சம் கீழ. வேலியத் தொட்டதுக்கப்பறம்" என்றாள் தமயந்தி.

ஊர் திரும்ப நாமக்கல் பேருந்தில் பச்சை விளக்கோடு ஏறினாள். பெட்டைகளை ஒவ்வொன்றாக விரட்டி, பதினான்கு விநாடி. ஐந்து மணிக்குக் காப்பக வாசலில் இறங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெபேக்கா நறுமுகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவைக் கண்டதும் குழந்தை கையை விடுவித்துக்கொண்டு ஓடி வந்து கதவில் மோதி, விழுந்து, எழுந்து இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து அழ ஆரம்பித்தது.

தமயந்தி பலகையைத் தொட்டாள். பழைய வழியில்தான் ஆடவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் குழந்தையின் அழுகை காதில் விழுந்துகொண்டிருக்கும்போது விரல் யாரையும் கேட்கவில்லை. சேவல் வேலியோரம் ஓடியது. பெட்டைகள் அதன் பின்னால் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து உள்ளே போயின. மூலையில் எண் 5.2-ஐத் தாண்டியது. அப்போதுதான் அவளுக்கு 8.40 நினைவு வந்தது. கூண்டு வாசலில் சட்டென்று விரலை வைத்து மறித்தாள். ஏழாவது கோழி விரலில் முட்டி நின்றது.

"அம்மா, தொற" என்றது நறுமுகை.

"இரு கண்ணு."

6.0. கோழி இடப்பக்கம் வந்தது. விரலை இடப்பக்கம் நகர்த்தினாள். வலப்பக்கம் வந்தது. அங்கேயும் மறித்தாள். 6.9. குழந்தையின் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. அதில் முகம் தெரியவில்லை, இரண்டு உள்ளங்கைகள் மட்டும் தெரிந்தன. ரெபேக்கா எதுவும் புரியாமல் பலகையையும் தமயந்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் அத வெளியவே நிக்க வெச்சிருக்க? உள்ள விடு."

7.6. அவள் மற்றொரு கையால் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு தங்கம். இன்னும் கொஞ்சம்."

8.1. 8.3. 8.5. அதற்குப் பிறகும் பயந்துகொண்டு இன்னும் அரை விநாடி நின்றாள். விரலை எடுத்தாள். கோழி உள்ளே போயிற்று.

'நீங்கள் மனிதர். வணக்கம்.'